பட்டியலில் இல்லாதது

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. நீயும் உன் பெண்டாட்டியும் குழந்தையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். விஷம் காய்ச்சுகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை, வாங்குகிறவர்களுக்குத்தான் ஆகும்.

எடுத்த எடுப்பிலேயே கடிக்கிறேன் என்று நினைக்காதே, இரண்டு நாள் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன். "சோப்புக் கம்பெனிய விட்டுட்டாரு அண்ணி, இப்போ மின்சிகரெட் கம்பெனில ஃப்ளேவர் மாஸ்டர்" என்று உன் பெண்டாட்டி ஃபோனில் சொன்னபோது என் கையில் இருந்த டம்ளர் கீழே விழவில்லை, அவ்வளவுதான். மாஸ்டராம்! ஊரில் உள்ள அரைக்கால் சட்டைப் பிள்ளைகளுக்கெல்லாம் மாம்பழ வாசனையில் நிகோடின் ஊட்டுவதற்கு ஒரு மாஸ்டர்.

அப்பா கடைசி இரண்டு வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியது உனக்கு மறந்துவிட்டதா? அந்த இருமலை வைத்தே அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்வோமே. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா?

இன்னொன்றையும் தெரிந்துகொள். நான் இந்த அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். போன வருஷத்திலிருந்து உங்கள் பாட்டில்களும் என் மேசைக்கு வருகின்றன. மருந்து, தண்ணீர், பெயிண்ட் என்று கௌரவமான சாமான்களைப் பார்த்த கண்ணால் இப்போது 'பஞ்சுமிட்டாய் மேகம்' பார்க்கிறேன்.

பதில் எழுது. ஃபோன் செய்யாதே. குரலில் நீ ஆளைக் கவிழ்த்துவிடுவாய். எழுத்தில் உனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரில் "காய்ச்சல் என்று சொல்லச் சொன்னதால்" என்று எழுதி மாட்டிக்கொண்டவன்தானே நீ.

இப்படிக்கு,
உன்னால் தலையில் அடித்துக்கொள்ளும்
அக்கா

ஜனவரி 24

மதிப்பிற்குரிய ஹெட்மாஸ்டர் அக்காவுக்கு,

தம்பி கைகட்டி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு; கோபத்துக்கும் அதையே கொடுத்துப் பார்.

லீவ் லெட்டரை நீ சாகும்வரை விட மாட்டாய். இருக்கட்டும். பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

என் அறையை நீ பார்த்தால் மூக்கைச் சுளிக்க மாட்டாய். வெள்ளை ஓடு பதித்த சுவர், நான்கு எஃகுத் தொட்டி, நீள மேசை, அதில் நூற்றி அறுபது குப்பி வாசனை. ஒரே குறை, ஜன்னலைத் திறக்க விட மாட்டார்கள். வெளிக்காற்று வந்தால் வாசனை கெட்டுவிடும் என்பது முதலாளியின் வேதம். கிளிசரினும் கிளைகாலும் அடித்தளம். அதில் சொட்டுக் கணக்கில் வாசனையைச் சேர்த்து, கருவியில் ஊற்றி, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்து, "இனிப்பு தூக்கல், புளிப்பு போதாது" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். என்னோடு மூன்று பேர். மூடி முறுக்கும் அம்மா ஒருவர், தொட்டி கிளறும் இரண்டு பேர். எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மூக்கு சார்'. பிஸ்கட் டப்பாவை யார் திறந்தது என்று அடுத்த அறையிலிருந்து கண்டுபிடித்து உன்னை அம்மாவிடம் காட்டிக்கொடுத்த அதே மூக்கு.

அப்பாவைச் சொன்னாய். அக்கா, அவர் இழுத்தது எரிந்த இலை, தார், சாம்பல். அப்போது இது இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் நம்மைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பார். எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சிகரெட்டை விட வந்தவர்கள். மீதிப் பாதியைப் பற்றி நீ கேட்பாய். அதற்குப் பதில் இல்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு சத்தியம் செய்கிறேன். உங்கள் கூடத்திலிருந்து சான்றிதழ் வராத எந்தச் சரக்கையும் நான் வாயில் வைக்க மாட்டேன். எந்தப் பாட்டில் எங்களுடையது என்று உனக்குத் தெரியாது, எண் ஒட்டித்தான் உங்களிடம் அனுப்புகிறார்கள். ஆனால் திரும்பி வரும் தாளில் கையெழுத்து இருக்குமே. உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் இழுப்பேன். போதுமா?

பாசமுள்ள,
மூக்கு சார்

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, இன்னொன்று முளைக்கும்வரை போட்டோ எடுத்து வை.

என் கையெழுத்தைப் பார்த்துத்தான் இழுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்ததும் சிரிப்பு வந்தது. அந்தக் கையெழுத்து எப்படி விழுகிறது என்று சொல்கிறேன், நீயும் சிரி.

மின்சிகரெட் திரவத்துக்கு அரசாங்கம் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. பதினொரு பொருள். நிகோடின் சொன்ன அளவில் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, கிளிசரின் சுத்தமா, இப்படி. இந்தப் பதினொன்றும் வரம்புக்குள் இருந்தால் 'தேர்ச்சி'. பன்னிரண்டாவதாகப் பாம்பு விஷத்தைக் கலந்து அனுப்பினாலும் தேர்ச்சிதான். அதுவும் திரவத்தைக் குளிரக் குளிரச் சோதிக்கிறோம். யாராவது இதைக் குடிக்கவா போகிறார்கள்? மின்சிகரெட்டுக்குள் இருக்கும் கம்பி சூடேறி ஆவியாகும்போது என்னவெல்லாமோ புதிதாகப் பிறக்கிறது. அந்த ஆவியைப் பற்றி விதியில் ஒரு வரி கிடையாது. ஆனால் பாட்டில் மூடியைப் பற்றி இரண்டு பக்கம் உண்டு. குழந்தை திறக்க முடியாதபடி இருக்க வேண்டுமாம். போன மாதம் முழுக்க நான் மூடி திருகிக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்கு நல்ல உபயோகம்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். எங்கள் கருவி ஒவ்வொரு பொருளுக்கும் தாளில் ஒரு கூம்பு வரையும், பீக் என்போம். ஒரு பாட்டிலை அதில் ஓட்டினேன். பட்டியலில் உள்ளதெல்லாம் ஒழுங்காக இருக்க, ஓரத்தில் ஒரு பீக் கூரை இடிக்கிற உயரத்துக்கு நிற்கிறது. எங்கள் கண்காணிப்பாளரிடம் தாளைக் கொண்டுபோனேன்.

"சார், இதுல ஒண்ணு பெரிசா எழும்பி நிக்குது."

"பட்டியல்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ அது இல்லவே இல்லம்மா. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இன்னும் நாப்பது பாட்டில் வரிசையில நிக்குது."

போட்டேன். இதுதான் உன் அக்காவின் கையெழுத்து. மனுஷர் தாளைத் திருப்பித் தரும்போது அதன் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம் வேறு. இந்த நாட்டில் சட்டம் எழுதுகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து அவர்கள் பாஸ் செய்ததையே இழுக்கச் சொல்ல வேண்டும். ஒருவனும் இழுக்க மாட்டான்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன். எல்லோரும் நலம். முழங்காலைப் பற்றி நீ எழுதியதில் பாதிதான் உண்மையாக இருக்கும், டாக்டரைப் பார்.

உன் கடிதத்தை வாசித்து நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சிரித்தோம். டீ கிளாஸ் வட்டத்தைக் கண்ணால் பார்த்ததுபோல இருந்தது. ஆனால் நீ உன் வேலையை மட்டம் தட்டிப் பேசுவது புதிதில்லை. பரீட்சையில் தொண்ணூறு வாங்கிவிட்டு "ஒண்ணும் எழுதல" என்று அழுதவள்தானே.

ஒரு நல்ல செய்தி. என் சொந்தக் கலவை ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. பெயர் 'வெண்ணெய் பிஸ்கட்'. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உழைத்தது, சான்றிதழ் வரும்வரை சத்தியப்படி மோந்து பார்த்தே கலந்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பிஸ்கட்டின் வாசனை, அதைக் கொண்டுவரத்தான் இத்தனை பாடு. முதலாளி முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடுவது இரண்டே சந்தர்ப்பத்தில்தான், இன்னொன்று சம்பள உயர்வு கேட்கும்போது.

உங்கள் கூடத்துக்குப் போய்த் தேர்ச்சியாகி வந்தது. மாதிரி எண் 517. கீழே யார் கையெழுத்து என்று நினைக்கிறாய்? கடைசி எழுத்தில் வாலைச் சுழித்துவிடுவாயே, அதே சுழி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதே. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கள் அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். மூடி முறுக்கும் அம்மா கேட்டார்கள், "சார், இதத் தினம் மோந்துட்டே இருக்கமே, ஒண்ணும் செய்யாதா?" நான் தாளைக் காட்டினேன். "இது எங்க அக்கா கையெழுத்தும்மா. எங்க அக்கா எமன் கேட்டாலும் சும்மா கையெழுத்துப் போடாது." அவர்களுக்குத் திருப்தி.

இப்போது ஒவ்வொரு தொட்டிக்கும் நானே இழுத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது இழுப்பு ஆகிறது. வெண்ணெய் ஒரு சொட்டு கூடினாலும் திகட்டும்.

அன்புள்ள,
தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நலமா? உடனே பதில் வேண்டும், அதனால் சுருக்கமாக.

அந்த வெண்ணெய் வாசனைக்கு என்ன சேர்க்கிறாய்? குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது? எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுது. டைஅசிட்டைல் என்ற சொல் எங்காவது இருக்கிறதா பார். வாசனை விற்பவன் 'உணவுக்கு உகந்தது' என்று லேபிள் ஒட்டியிருப்பான். அதைக் காட்டி என்னிடம் வாதாடாதே. தண்ணீரும் உணவுக்கு உகந்ததுதான், அதை மூச்சில் இழுப்பாயா? வயிற்றுக்கு ஒரு நியாயம், நுரையீரலுக்கு ஒரு நியாயம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், உங்கள் முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்.

பதில் வரும்வரை நீ இழுக்காதே. அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடு. ஜன்னலைத் திறந்து வை. வேதமாவது மண்ணாவது.

கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்கிறேன். வேறொன்றுமில்லை. உங்களைப் போன்ற கம்பெனிகளின் மேல் எனக்கு என்றைக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

குழந்தைக்கு முத்தம்.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கொஞ்சம் சளி பிடித்தது. இப்போது பரவாயில்லை. நீ நலமா?

குப்பியைப் பார்த்தேன். 'வெண்ணெய் வாசனை 12' என்று போட்டிருக்கிறது. உள்ளே என்ன என்பது தயாரிப்பு ரகசியமாம். நீ சொன்ன சொல் இல்லை. உணவுக்கு உகந்தது என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது, நீ சொன்னபடியே.

வேறு யாரிடம் கொடுப்பது அக்கா? இந்த மூக்கு எனக்குத்தானே இருக்கிறது. மேலும் எனக்குப் பயமில்லை. அதில் ஏதாவது இருந்திருந்தால் நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

குழந்தையின் பிறந்தநாள் நன்றாக நடந்தது. பலூன் ஊத ஒரு பம்ப் வாங்கிவிட்டேன். வாயால் ஊதுவதெல்லாம் அந்தக் காலம்.

அன்புள்ள,
தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? சளி விட்டதா? நான்கு நாளாக ஃபோன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. உன் பெண்டாட்டி எடுத்து "குளிக்கிறார் அண்ணி" என்கிறாள். காலை பத்து மணிக்கும் குளிக்கிறாய், மாலை ஆறு மணிக்கும் குளிக்கிறாய். இவ்வளவு சுத்தம் உனக்கு எப்போதிருந்து?

போன வாரம் விதிமுறைக் குழுவின் கூட்டம் நடந்தது. கண்காணிப்பாளருக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பன்னிரண்டு பேர், நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். என்ன பேசினார்கள் தெரியுமா? எச்சரிக்கை வாசகம் மூன்று மில்லிமீட்டர் உயரமா, நான்கு மில்லிமீட்டரா. இரண்டு மணி நேரம்! ஒருவர் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார், சத்தியமாக. கம்பெனிகளின் சங்கத்திலிருந்து வந்தவர் ஆறடி தூரத்துக்கு சென்ட் மணக்க உட்கார்ந்து, "நான்கு மில்லிமீட்டர் போட்டால் வாடிக்கையாளர் மனம் புண்படும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் இருமல் வந்ததுபோல வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

முடிகிற நேரத்தில் நான் எழுந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வெண்ணெய் வாசனை தருகிற பொருளை இழுக்கிற சாமானில் தடை செய்ய வேண்டும், முன்பு அதே வாசனையைக் கலந்த ஆலைகளில் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பாழானது எழுத்தில் இருக்கிறது, பட்டியலில் பன்னிரண்டாவதாகச் சேர்க்க வேண்டும் என்றேன். தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"புகார் ஏதாவது வந்திருக்காம்மா?"

"இன்னும் வரல சார்."

"அப்போ அடுத்த கூட்டத்துல பாப்போம்."

அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. அதற்குள் யாராவது ஒருவன் மூச்சு முட்டி விழுந்து, எழுந்து உட்கார்ந்து, மூன்று பிரதியில் மனு எழுதி இவர்களுக்கு அனுப்ப வேண்டும். அப்போதுகூட மனுவில் எழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் அளப்பார்கள். மண்ணாந்தைகள்.

நீ அந்த அறையில் இருக்காதே. சோப்புக் கம்பெனியில் திரும்பக் கேள். காரணம் எதற்கு, நான் சொல்கிறேன், கேள்.

ஃபோனை எடு.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே.

மூன்றாவது மாடியிலிருந்து அதே கட்டடத்தில் கீழ் வீட்டுக்கு மாறிவிட்டோம். குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. கலவை அறையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள், இப்போது வாசலில் உட்கார்ந்து லாரிச் சீட்டு எழுதுகிறேன். சுகமான வேலை.

ஃபோன் வேண்டாம். எழுத்தில்தான் பேசுவேன் என்று நீதானே சொன்னாய்.

தம்பி

ஜூலை 15

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. உங்கள் உடல்நலத்தை விசாரித்ததாக எண்ணிக்கொள்ளவும். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். குழந்தையைப் பள்ளியில் விட்டு வந்து தையல் மெஷின் மேல் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

அவர் நலமாக இல்லை. மார்ச் கடைசியில் இருமல் ஆரம்பித்தது. சளி என்றார். அப்புறம் மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, ஃபோனைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வார். பிறந்தநாளன்று ஒரே ஒரு பலூனை ஊதிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை பயந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகுதான் பம்ப் வாங்கினோம்.

ஜூனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பாகிச் சுருங்கிவிட்டதாம். போனது போனதுதான், திரும்பி வராது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். "எத மூச்சுல இழுக்குறீங்க?" என்று கேட்டார். இவர் வெண்ணெய் வாசனை என்று சொல்லி, பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, "இதுல வெண்ணெய் வாசனைய சோதிக்கவே இல்லயே, யாருங்க இதுல கையெழுத்துப் போட்டது?" என்றார். இவர் கையை நீட்டினார். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. அது கையெழுத்துப் போட்ட பேப்பர். தெரிஞ்சா தாங்காது." ஃபோன் எடுக்காததும் அதனால்தான். அவர் இருமினால் உங்கள் அப்பா இருமுவதுபோலவே இருக்கிறதாம், முதல் இருமலிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களாம்.

மறுநாள் அந்தத் தாளைக் கம்பெனிச் சுவரில் திரும்ப மாட்டவில்லை. உங்கள் பெயரை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். மூடி முறுக்கும் அம்மாவுக்கும் இப்போது இருமல். தொட்டி கிளறுகிற ஒருவர் வேலைக்கே வருவதில்லை. முதலாளி எல்லோருக்கும் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தார். அதுவும் மாம்பழ வாசனை.

அவர் சொன்னதை மீறி எழுதிவிட்டேன். நீங்கள் தாங்குவீர்களோ மாட்டீர்களோ எனக்குத் தெரியாது அண்ணி. என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

ஜூலை 27

என் தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் பெண்டாட்டியைத் திட்டாதே. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் உண்மை எழுதியிருக்கிறாள்.

பிப்ரவரியில் உனக்கு ஒரு வேடிக்கைக் கதை எழுதினேனே, கூரை இடிக்கிற பீக், கண்காணிப்பாளர், டீ கிளாஸ் வட்டம். அதுதான் 517. திறந்ததும் அறை முழுக்க வெண்ணெய் வாசனை. கருவியில் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள நிமிஷத்தில்தான் எழும்பும்; அந்த பீக் எந்த நிமிஷத்தில் எழுந்தது என்று பார்த்தபோதே அது என்னவென்று எனக்குத் தெரியும். இழுத்தால் என்ன செய்யும் என்றும் தெரியும். சந்தேகம் இல்லை, தெரியும். கண்காணிப்பாளர் "இல்லவே இல்லம்மா" என்றதும் எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. இன்னொரு முறை ஓட்டினால் ஒரு மணி நேரம், அறிக்கை, விளக்கம், மேலே கீழே அலைச்சல். யாரோ முகம் தெரியாத பிள்ளைகள் இழுக்கப்போகிற சனியன் என்று வாலைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து எல்லோரையும் கேலி செய்து உனக்குக் கடிதம் எழுதினேன்.

மார்ச்சில் உன் கடிதம் வந்தது. அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: என் கையெழுத்தை நம்பாதே. எழுதவில்லை. உன் முன்னால் ஹெட்மாஸ்டராகவே நின்று பழகிவிட்டேன். லேபிளைக் கேட்டேன், முதலாளியைத் திட்டினேன், தண்ணீரை மூச்சில் இழுப்பாயா என்று வசனம் பேசினேன். "வேறு யாரிடமாவது கொடு" என்று எழுதினேன் பார், அதை நினைத்தால் துப்பத் தோன்றுகிறது. அந்த வேறு யாராவது இப்போது இருமிக்கொண்டிருக்கிற மூடி முறுக்கும் அம்மா. மேயில் குழுவைப் போய் மண்ணாந்தைகள் என்றேன். அவர்களுக்காவது தெரியாது.

அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை ஒரு வருஷம் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். 517-இன் மிச்சத்தை எடுத்தேன். குளிராகவும் ஓட்டினேன், கம்பியைச் சூடாக்கி ஆவியைப் பிடித்தும் ஓட்டினேன். வெண்ணெய் வாசனை தருகிற அந்த டைஅசிட்டைல் எவ்வளவு என்று அளவோடு எழுதி, பழைய சான்றிதழ் தவறு என்றும், பார்த்தும் விட்டது நான்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்காணிப்பாளர் தாளைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"யாரு கேட்டா உங்கள?"

"புகார் வந்திருக்கு சார்."

"யாரோட புகார்?"

"என்னோடது."

குழுவின் பன்னிரண்டு பேருக்கும், உங்கள் கம்பெனிக்கும், உன் டாக்டருக்கும், தொழிலாளர் நலத் துறைக்கும் பிரதி போய்விட்டது. நேற்று எனக்கு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமாம். போகவில்லை. நியாயமாக அவர்கள் செய்த முதல் காரியம் அதுதான்.

ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். புடவைக்கு அடியில் வைத்திருக்கும் தாளை வெளியே எடு. இரண்டையும் சேர்த்து அந்த அம்மாவிடம் கொடு, தொட்டி கிளறுகிற அந்த இரண்டு பேரிடமும் கொடு. அவர்களுக்கு நஷ்டஈடு கேட்க அது தேவைப்படும். என் பெயரை மறைக்காதே. யார் என்று கேட்டால் எங்க அக்கா என்று சொல், போனதடவை சொன்னாயே, அதே மாதிரி சத்தமாகச் சொல்.

எழுத்தில் உனக்குப் பொய் வராது என்று நம்பினவள் நான். மூன்று மாதமாக எழுதியே என்னை ஏமாற்றிவிட்டாய், நானும் உன்னை. கடிதம் போதும். அடுத்த வாரம் நேரில் வருகிறேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் செய்வேன், நீயே எடு. எதுவும் பேச வேண்டாம். காதில் வைத்துக்கொண்டு மூச்சு விடு. இருமல் வந்தால் வாயைப் பொத்தாதே. நான் கேட்கிறேன்.

அக்கா